பாதிப் பேச்சில் எழுந்து போகாதவர்

மோட்டார் விஷயமாகச் சண்டை போடத்தான் நான் முதன்முதலில் அவரிடம் போனேன். தென்காசியில் அவர் வீட்டு மாடிக்குக் குடிவந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. காலையில் நான் முகத்துக்குச் சோப்புப் போடும் நேரம் பார்த்துக் குழாயில் தண்ணீர் நின்றுவிடும். மோட்டார் சுவிட்ச் கீழே அவர் கையில். இறங்கிப் போய் நறுக்கென்று நாலு கேள்வி கேட்டுவிடுவது என்று ஈரத் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு போனேன். கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். "ஏட்டய்யா, இந்தத் தண்ணி இருக்குல்லா..." என்று ஆரம்பித்தேன். அவர் தலையை லேசாகச் சாய்த்து, "ம்" என்றார்.

அவ்வளவுதான். நான் மாடியேறித் திரும்பி வந்தபோது துண்டு காய்ந்திருந்தது. என் சென்னை வேலை, என் அம்மாவின் சர்க்கரை வியாதி, பூ வைத்த பிறகு நின்றுபோன என் கல்யாணம், எட்டாம் வகுப்பில் என் ஜாமெட்ரி பாக்ஸைத் திருடியவளின் பெயர், அவள் இன்னார் மகள் என்பது உட்பட எல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது. தண்ணீர் விஷயம் மட்டும் தெரியாது. அதை நான் சொல்லவே இல்லை.

போலீசில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்குப் பெயர் உண்டு, கேஸ் சிலிண்டர் ரசீதில் பார்த்திருக்கிறேன். தெருவில் ஒருத்தரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நானும் இங்கே சொல்லப் போவதில்லை.

கதை கேட்கிறவன் 'ம்' கொட்ட வேண்டும், கொட்டாவிட்டால் சொல்கிறவர் நிறுத்திவிடுவார் என்பது நம் ஊரில் பால்குடி மறந்த பிள்ளைக்கே தெரியும். நமக்கு அது ஒரு பழக்கம். ஏட்டய்யாவுக்கு அதுதான் உத்தியோகம், அதுதான் சாமி கும்பிடுவது. 'சரி, மேலே சொல்லு' என்று ஒரு ம். 'அவன் அப்படிச் சொல்லலாமா' என்று இழுத்து ஒரு ம். முனையைத் தூக்கிக் கேள்வியாக விடுகிற ஒரு 'ம்?'. நடுவில் உங்களுக்கு மூச்சு வாங்கினால், "பொறவு?" என்று ஒன்று. ஒரு கல்லை அவர் எதிரே வைத்தாலும் அது தன் குடும்பக் கஷ்டத்தைச் சொல்லிவிடும்.

"நான் ஒருத்தனையும் கைநீட்டி அடிச்சதில்ல ஏம்மா" என்பார். "அடிச்சா வாய மூடிக்கிடுவான்லா. எதுக்க உக்காந்து ம் சொல்லுவேன். தானா எல்லாம் வரும்."

ஒரு சைக்கிள் களவாணியை அப்படித்தான் உட்கார வைத்தாராம். அவன் சைக்கிளை ஒப்புக்கொண்டான். "ம், பொறவு?" என்றார். இரண்டு கோழியை ஒப்புக்கொண்டான். "பொறவு?" கோயில் வாசலில் எடுத்த செருப்புகள். "பொறவு?" மச்சினியின் கொலுசு, சின்ன வயதில் வாத்தியார் வீட்டு மாங்காய், தான் எடுக்காத ஒரு பம்புசெட் வரைக்கும் ஒப்புக்கொண்டுவிட்டான். இன்ஸ்பெக்டர் வந்து தலையில் அடித்துக்கொண்டாராம். "யோவ் ஏட்டு, ஒரு சைக்கிளுக்கு எத்தன கேஸுய்யா எழுதச் சொல்லுத?" விடுதலையாகிப் போகும்போது அந்தக் களவாணி, "இன்னுங்கொஞ்சம் சொல்ல வேண்டியது இருக்கு ஏட்டய்யா, அடுத்த வாரம் வரட்டா?" என்று கேட்டானாம்.

அவருக்கு ஒரே ஒரு விதி இருந்தது. பேசுகிறவனைப் பாதியில் விட்டு எழுந்து போகக் கூடாது. அதனால் பஸ்ஸை விட்டிருக்கிறார், பந்தியை விட்டிருக்கிறார். ஓய்வு பெறுகிற நாளில் உள்ளே மாலையும் கையுமாக எல்லோரும் காத்திருக்க, வாசலில் ஒரு பெரியவர் பங்காளித் தகராறைச் சொல்லிக்கொண்டிருந்தார் என்று இவர் வெளியிலேயே நின்றுவிட்டார். மாலையை வாசலுக்கே கொண்டுவந்து போட்டார்களாம். அப்போதும் ம் நிற்கவில்லையாம்.

என் வேலை என்னவென்று சொன்னால் சிரிப்பீர்கள். நான் சென்னையில் இருக்கும் ஒரு ஆடியோ கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன். ஆட்கள் பேசிப் பதிவு செய்ததை அனுப்புவார்கள். அதில் வருகிற 'ம்', 'ஆ', 'வந்து', 'அதாவது' எல்லாவற்றையும் வெட்டித் தூரப் போட்டுவிட்டு, பேச்சைக் கழுவித் துடைத்துத் திருப்பி அனுப்ப வேண்டும். ஆக, மாடியில் நாளெல்லாம் நான் ம் வெட்டுவேன், கீழே இவர் கொட்டுவார். நல்ல பொருத்தம்தான்.

ஆனால் நான் குடிவந்த பிறகு, வரவர அவருக்கு வேலையே இல்லாமல் போயிற்று. டீக்கடைக்குப் போவார், போன வேகத்தில் திரும்பி வருவார். "ஒரு பயலும் பேச மாட்டேங்கான் ஏம்மா. எல்லாவனும் காதுல எதையோ சொருகிட்டுக் கோட்டி பிடிச்சவன் கணக்கா தனியாச் சிரிக்கான்" என்பார்.

சரி, வீட்டில் பேச ஆள் இல்லையா? இருந்தாள். அவர் மனைவியை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். தங்கமான மனுஷி, ஆனால் பேச மாட்டாள். சண்டையும் இல்லை, கோபமும் இல்லை. ஒரு நாள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தவளிடம் நானே கேட்டுவிட்டேன்.

"என்னத்தப் பேசச் சொல்லுத?" என்றாள். "தாலி கட்டின நாள்லேருந்து இவுக ம் கொட்டக் கொட்ட, நானும் எல்லாத்தையும் சொல்லித் தீத்தாச்சு. பொறந்த வீடு, புகுந்த வீடு, பேறுகாலம், கனவுல பாம்பு வந்தது வரைக்கும். உள்ள ஒண்ணும் மிச்சம் இல்ல. இனி புதுசா ஏதும் நடந்தாத்தான் உண்டு. நடந்தா சொல்லுதேன்."

மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவியதும் ஏட்டய்யா அடுக்களைப் பக்கம் திரும்பி, "ம்?" என்பார். உள்ளேயிருந்து, "ஒண்ணுமில்ல" என்று வரும். தினமும் இதுதான். மாடியில் எனக்குக் கேட்கும். அந்த மனிதருக்கு வேறு ஆசையே இல்லை. அத்தை பழையபடி பேச வேண்டும், தான் உட்கார்ந்து ம் கொட்ட வேண்டும், அவ்வளவுதான்.

புதுசாக ஏதாவது நடந்தால்தானே பேசுவாள் என்று நடத்திப் பார்க்கவும் செய்தார். வாசல் கேட்டுக்குக் கத்தரிப்பூ நிறத்தில் பெயின்ட் அடித்தார். அத்தை பார்த்தாள், கோலத்தைப் போட்டாள், உள்ளே போனாள். சந்தையிலிருந்து ஒரு வான்கோழி வாங்கி வந்தார். அது தெருவில் போகிற வருகிறவர்களை எல்லாம் விரட்டியது. தபால்காரர் எங்கள் வீட்டுக்கு மட்டும் தெருமுனையில் நின்று குரல் கொடுத்தார். அத்தை வான்கோழிக்குப் பழைய சோறு வைத்தாளே தவிர வாயைத் திறக்கவில்லை. ஒரு நாள் சாயங்காலம் எட்டிப் பார்க்கிறேன், வான்கோழி கெடகெடவென்று கத்த, எதிரே முக்காலி போட்டு உட்கார்ந்து ஏட்டய்யா, "ம், பொறவு?" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

இனி பொறுக்க முடியாது என்று, மறுநாள் காலையில் அவருக்கு பாட்காஸ்ட் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தேன்.

"பாட்காஸ்ட்னா ரேடியோ மாதிரி ஏட்டய்யா. ஆனா ரேடியோவுல அவங்க போடுத நேரத்துக்கு நாம போய் உக்காரணும். இது நாம கூப்பிட்ட நேரத்துக்கு வரும். எப்பமோ பேசிப் பதிஞ்சு வச்சிருப்பாவ. நீங்க எப்ப வேணும்னாலும் எடுத்துக் கேக்கலாம்."

"யாரு பேசுவா?"

"யாரு வேணும்னாலும். டாக்டர், வக்கீல், சமையல்காரர், வேலவெட்டி இல்லாதவன்."

"துட்டு?"

"கிடையாது. சும்மாதான்."

ஏட்டய்யா நாற்காலியில் முன்னுக்கு நகர்ந்தார். பழைய போலீஸ் கண் வந்துவிட்டது. "துட்டும் வாங்காம, எதுக்க ஆளும் இல்லாம, ஒருத்தன் எதுக்குப் பேசுதான்? மோட்டிவ் என்ன?"

பேச்சை மாற்றி அவர் போனை வாங்கி, அதற்கான செயலியை இறக்கினேன். "இன்னா பாருங்க, பூதக்கண்ணாடி இருக்குல்லா, இங்கன தட்டினா தேடலாம். பேரைப் போட்டா நிகழ்ச்சியோட படம் வரும். படத்தைத் தட்டினா, பேசின பேச்செல்லாம் வரிசையா நிக்கும். ஒண்ணொண்ணும் ஒரு எபிசோடு. முக்கோணத்தைத் தொட்டாப் பேசும். பிடிச்சிருந்தா மேல சப்ஸ்கிரைப்னு இருக்கத அமுக்கணும். சில செயலியில பாலோன்னு போட்டிருக்கும், ரெண்டும் ஒண்ணுதான்."

"அமுக்கினா?"

"அவரு புதுசாப் பேசினா ஒங்களுக்கு மணி அடிக்கும். நீங்க தேட வேண்டாம், அதுவே வந்து நிக்கும்."

"அப்பம் சம்மன் மாதிரி."

"ஆமா, சம்மன் மாதிரிதான்" என்றேன். என் நாக்கைக் கடித்துக்கொண்டிருக்க வேண்டும். அன்றிலிருந்து மணி அடித்தால் அவர் எழுந்து போய்ச் சட்டை போட்டுக்கொண்டு வந்துதான் கேட்டார்.

"நம்ம பக்கத்துப் பய எவனும் பேசுதானா?" என்று கேட்டார். தேடினேன். ஆச்சரியமாக ஒன்று கிடைத்தது. சுந்தரபாண்டியபுரத்தில் சூரியகாந்தி போட்டிருக்கும் ஒரு விவசாயி. நிகழ்ச்சியின் பெயர், 'என் வயலை விட்டு வெளியே போங்க'. பூ பூத்துவிட்டால் அந்த ஊருக்கு எங்கெங்கிருந்தோ ஆட்கள் போட்டோ எடுக்க வருவார்கள். அவர்கள் தன் வயலுக்குள் இறங்கிச் செடியை மிதிப்பதைப் பற்றி மட்டுமே அந்த மனிதர் வாராவாரம் பேசினார். ஒவ்வொரு எபிசோடும், "வணக்கம். இன்னைக்கும் வந்துட்டானுவ" என்று ஆரம்பிக்கும். ஒரு கல்யாண மாப்பிள்ளை படம் எடுக்கக் குதிரையோடு வந்தது, குதிரை பூவைத் தின்றது, மாப்பிள்ளையை விட்டுவிட்டு ஓடியது என்று ஒரு வாரம் முழுக்கக் குதிரை.

ஏட்டய்யா சட்டையோடு உட்கார்ந்து, முதல் எபிசோடிலிருந்து ம் கொட்டினார்.

சில சங்கடங்கள் வந்தன. நடுவில் நிறுத்தி வைக்கும் பொத்தானைக் காட்டினேன், முகம் சுளித்தார். "பேசிட்டு இருக்கவன் வாயப் பொத்தச் சொல்லுதியா?" ஒன்றரை மடங்கு வேகத்தில் கேட்கலாம் என்று போட்டுக் காட்டினேன். "ஏம்மா, இவன் ஏன் இப்படிப் பதறுதான், யாரும் வெரட்டுதாவளா?" என்று பயந்துவிட்டார். பிடித்திருந்தால் ஸ்டார் கொடுக்கலாம் என்றதற்கு, "கடைசி வரைக்கும் எனக்கே மூணு பட்டைதான், ஸ்டார் வாங்கினதில்ல. நான் எங்கேருந்து அவனுக்குக் குடுக்க?" என்றார். நியாயம்தான்.

சாரல் காலமாச்சே என்று குற்றாலத்துக்கு எண்ணெய் தேய்க்கப் போனார். அருவிக்குப் போகும் வழியில் பலகை போட்டு உட்கார்ந்திருக்கும் மசாஜ்காரர்களில் ஒருவர் இவருக்குத் தோதானவர். பாதி எபிசோடு மிச்சம் இருந்ததால் காதில் மாட்டிக்கொண்டே படுத்திருக்கிறார். "போதுமா அண்ணாச்சி, இன்னும் பலமா அமுக்கட்டா?" என்று கேட்டிருக்கிறார் மசாஜ்காரர். ஏட்டய்யா விவசாயிக்கு, "ம்" என்றிருக்கிறார். மசாஜ்காரர் முழங்கையை இறக்கினார். "இன்னுமா?" "ம்." "முட்டிய வைக்கட்டா?" "ம், பொறவு?" அந்த மசாஜ்காரர் தன் வாழ்க்கையிலேயே அப்படி ஒரு சவாலைப் பார்த்ததில்லையாம். ஆட்டோவில் படுக்க வைத்துத்தான் கொண்டுவந்தார்கள். சட்டை போடக் கை தூக்க முடியாமல், பிறகு வந்த எபிசோடுகளைத் தோளில் துண்டு போட்டுக் கேட்டார்.

அத்தை தைலம் தேய்த்துவிட்டாள். "ம்?" என்றார் ஏட்டய்யா, ஆசையாக. "ஒண்ணுமில்ல" என்றாள்.

ஒரு நாள் வேலையில் இருக்கிறேன், கீழேயிருந்து, "நான் இருக்கேன்! நான் இருக்கேன்லா!" என்று கூச்சல். ஓடினேன். ஏட்டய்யா போனை முகத்துக்கு நேரே பிடித்துக் கத்திக்கொண்டிருந்தார், கண்ணெல்லாம் கலங்கியிருந்தது. அந்த எபிசோடைத் திரும்பப் போட்டுக் கேட்டேன். விவசாயி சொல்கிறார்: "யாரும் கேக்க மாதிரித் தெரியல. செவரப் பாத்துத் தனியாப் பேசுதேன்னு என் வீட்டுக்காரியே கோட்டிங்கா. அடுத்த வாரத்தோட நிறுத்திக்கிடலாம்னு இருக்கேன்."

"ஒண்ணு விடாம ம் கொட்டியிருக்கேன், கேக்க ஆள் இல்லைங்கான் பாரு" என்றார் ஏட்டய்யா.

"நீங்க கொட்டுதது அவருக்குக் கேக்காது ஏட்டய்யா. இது ஒருபக்கம்தான் போகும்."

அவர் என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்க மாட்டேன். "இத நீ மொதல்லயே சொல்லியிருக்கணும்லா? இத்தன நாளும் அந்த மனுசன் தனியாவா பேசிட்டு இருந்தான்?"

கீழே கருத்து எழுதலாம் என்று சமாதானம் சொன்னேன். "எழுதினா அது ம் ஆயிருமா? பொறப்படு" என்றார்.

சலவைச் சட்டை, கையில் ஒரு பை மங்குஸ்தான் பழம். டவுன் பஸ்ஸில் சுந்தரபாண்டியபுரம் போய் இறங்கினோம். கண்ணுக்கு எட்டின தூரம் பூ. வரப்பெல்லாம் ஆட்கள், போட்டோவுக்குச் சிரித்துக்கொண்டு. வயலை விசாரித்து நெருங்கியதும் கையில் கம்போடு ஒருவர் ஓடி வந்தார். குரலைக் கேட்டதுமே ஏட்டய்யாவின் முகம் மலர்ந்துவிட்டது. கும்பிடக் கையைத் தூக்கினார். அவர் கேமரா எடுக்கிறார் என்று நினைத்து விவசாயி ஒரு மண்கட்டியைத் தூக்கி எறிந்தார். சரியாக நெஞ்சில் விழுந்து உடைந்தது.

"வயசான காலத்துல ஒமக்குப் போட்டோ ஒரு கேடா? கூட ஒரு பொம்பளப் பிள்ள வேற!"

நான் வாயைத் திறப்பதற்குள் ஏட்டய்யா, "ம்" என்றார்.

"என்னவே ம்? ராத்திரி பகலாத் தண்ணி பாய்ச்சினவனுக்குத்தான் தெரியும் அருமை."

"ம்."

"நேத்து ஒருத்தன் வாரான், செடியப் பிடுங்கிக் கையில வச்சுக்கிட்டுச் சிரிக்கான்."

"ம், பொறவு?"

விவசாயி கம்பைக் கீழே ஊன்றினார். கொஞ்ச நேரத்தில் கம்பைப் போட்டுவிட்டு வரப்பில் உட்கார்ந்தார். ஏட்டய்யாவும் உட்கார்ந்தார். வெயில் தாழும் வரைக்கும் அவர் பேசினார், இவர் ம் கொட்டினார், நான் மங்குஸ்தானைத் தின்று தீர்த்தேன். கடைசியில் ஏட்டய்யா கேட்டார். "அந்தக் குதிரக்காரன் திரும்ப வந்தானா?"

விவசாயி சடாரென்று எழுந்தார். "குதிர விசயம் ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

"சப்ஸ்கிரைப் பண்ணியிருக்கேன்லா."

"சப்ஸ்கிரைப் பண்ணினது ஒரே ஒரு ஆளுன்னு காட்டும் அண்ணாச்சி. அது நாந்தான்னு நெனச்சுட்டு இருந்தேன்" என்றார் விவசாயி. பிறகு தோளில் கிடந்த துண்டை எடுத்து ஏட்டய்யாவின் சட்டையில் இருந்த மண்ணைத் தட்டிவிட்டார். நான் மங்குஸ்தான் தோலை எல்லாம் பொறுக்கிப் பையில் போட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் நெஞ்சில் மண்கறையோடு அடுக்களை வாசலில் வேண்டுமென்றே போய் நின்றார். அத்தை சட்டையை வாங்கி ஊற வைத்தாள். "ம்?" என்றார். "ஒண்ணுமில்ல, சாப்பிட வாங்க" என்றாள். இரண்டு வார்த்தை கூட வந்ததே என்று அன்றைக்குக் கூட இரண்டு தோசை சாப்பிட்டார்.

அதற்குப் பிறகு வாராவாரம் ஏட்டய்யா போய் விவசாயியின் எதிரே உட்கார்ந்தார். பேச்சும் ம்மும் சேர்ந்தே பதிவாயிற்று. செப்பனிட்டுத் தருகிறேன் என்று நான் வாங்கினேன். கை பழக்கத்தில் ம் எல்லாவற்றையும் வெட்டிவிட்டுப் போட்டுக் கேட்டால், விவசாயி கிணற்றுக்குள் விழுந்தவர் மாதிரி பேசிக்கொண்டிருந்தார். வெட்டியதை எல்லாம் பொறுக்கி எடுத்துத் திரும்ப ஒட்டினேன். என் உத்தியோகத்தில் அப்படி ஒன்று செய்தது அன்றைக்குத்தான்.

கேட்கிற ஆட்கள் மளமளவென்று கூடினார்கள். சூரியகாந்திக்காக இல்லை. 'அந்த ம் சொல்கிறவர் யார்?' என்று எழுதினார்கள். 'என் வீட்டுக்காரர் இதில் கால்வாசி சொன்னால் போதும்' என்று ஒரு பெண். துபாயில் இருக்கும் ஒருவர், சமைக்கும்போது இதைப் போட்டுக்கொண்டு தானும் கூடச் சேர்ந்து பேசுவதாக எழுதினார்.

அறுவடை முடிந்தது. வயல் மொட்டை. போட்டோவுக்கு ஒருவரும் வரவில்லை. "ஒரு நாதியும் வரமாட்டேங்கு அண்ணாச்சி, நான் யாரத் திட்டிப் பேச?" என்று விவசாயி சோர்ந்துபோனார். அப்புறம் அவருக்கே ஒரு யோசனை வந்தது. இந்த வாரம் தான் பேசப் போவதில்லை, கேட்கிறவர்கள் அவரவர் வீட்டில் பேசட்டும், பதிவில் ஏட்டய்யாவின் ம் மட்டும் போதும் என்றார்.

பதிவு எங்கள் வீட்டில். ஏட்டய்யா ஒரேயடியாக மறுத்தார். "எதுக்க ஒருத்தர் பேசாம நான் ம் சொல்ல மாட்டேன். பொய்ச் சாட்சி அது." பிறகு, மைக்கைப் பார்த்தார், அடுக்களையைப் பார்த்தார். "ஏட்டி, நீ வந்து பேசேன்" என்றார். அவ்வளவு பணிவாக அவர் கேட்டு நான் பார்த்ததில்லை.

"நடந்தா சொல்லுதேன்னு சொன்னேம்லா" என்று உள்ளேயிருந்து பதில் வந்தது. "ஒண்ணும் நடக்கல."

ஆகவே நான் உட்கார்ந்தேன். அவர், "ம்?" என்றார். நான் ஒருவழியாக மோட்டார் விஷயத்தைச் சொன்னேன். சோப்புப் போடும் நேரம் தண்ணீர் நிற்பது, கண் எரிச்சலோடு சுவரைத் தடவுவது, தடவியபடியே மாடிப்படிக்கு வந்து பால்காரர் முன்னால் சோப்பு முகத்தோடு நின்றது எல்லாம். "அடப்பாவி" என்றார் ஒரு இடத்தில். "அப்படியா?" என்றார் ஒரு இடத்தில். முடிந்ததும், "இத நீ வந்த அன்னைக்கே சொல்லியிருக்கலாம்லா?" என்றார். அதை வெட்டிவிட்டேன். என் குரலையும் முழுக்க வெட்டினேன். ம்மும், பொறவுவும், நடுவே நாம் பேசிக்கொள்ள இடமும் மட்டும் மிச்சம். அந்த எபிசோடைத்தான் எல்லாவற்றிலும் அதிகம் பேர் கேட்டார்கள்.

பங்குனி வெயிலில் ஒரு மத்தியானம் ஏட்டய்யா போய்விட்டார். சாப்பிட்டுக் கை கழுவி நாற்காலியில் சாய்ந்தவர்தான். இன்றைக்கு இன்னும் 'ம்?' வரவில்லையே என்று அத்தை அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்திருக்கிறாள்.

துஷ்டி கேட்க வந்த கூட்டத்தில் தெரு நிறைந்துவிட்டது. எல்லாரும் ஏதோ ஒரு காலத்தில் அவரிடம் எதையோ சொல்லித் தீர்த்தவர்கள். விவசாயி காய்ந்த சூரியகாந்தித் தலை ஒன்றைக் கொண்டுவந்து காலடியில் வைத்தார். பெண்கள் அத்தையைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். அத்தை அழவும் இல்லை, பேசவும் இல்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

பதினாறாம் நாள் விசேஷம் முடிந்து சொந்தக்காரர்கள் எல்லாம் கிளம்பிய மறுநாள், மத்தியானச் சாப்பாட்டு நேரத்துக்குப் பிறகு, அத்தை முதன்முறையாக மாடியேறி வந்தாள். கையில் அவளுடைய போன்.

"அந்த சப்ஸ்கிரைப் எப்படிப் பண்ணணும்? சொல்லிக்குடு."

"ஏட்டய்யா போன்லயே இருக்கே அத்தை."

"அது அவுக பண்ணினது. எனக்குன்னு தனியா வேணும்."

பூதக்கண்ணாடியைக் காட்டினேன். பெயரைப் போட்டேன், படம் வந்தது. சப்ஸ்கிரைப் பொத்தானை அவளே அமுக்கினாள், அமுக்கிய விரலை எடுக்காமல் கொஞ்ச நேரம் வைத்திருந்தாள். "யாரும் பேசாம அவுக மட்டும் இருக்கது எது?" என்றாள். எடுத்துக் கொடுத்தேன். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். முக்கோணத்தைத் தொட்டேன்.

"ம்?" என்றது போன்.

"புதுசா ஒண்ணு நடந்திருக்கு" என்றாள் அத்தை. "நீங்க செத்துப் போயிட்டிய."

"ம். பொறவு?"

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்து மூக்கில் ஏறிவிட்டது. அத்தை என்னைக் கவனிக்கவே இல்லை.

"தெருவே கூடிட்டு. ஒங்க சைக்கிள் களவாணி வந்தான். மாலையப் போட்டு அந்த அழுக அழுதான். அவன் போன பொறவு பாக்கேன், வாசல்ல கெடந்த ஒங்க செருப்பக் காணல."

"அடப்பாவி."

"ஆமாங்கேன். ஞாபகத்துக்கு எடுத்திருப்பான், போட்டும். ஒங்க தம்பி சோத்துல உப்பு இல்லன்னு துஷ்டி வீட்டுல நின்னு சொல்லுதாரு."

"அப்படியா?"

"அந்த வான்கோழி ரெண்டு நாளா எர எடுக்கல. பொறவு, அந்த கேட்டுக்கு அடிச்ச பெயின்ட் இருக்குல்லா, பாக்கச் சகிக்கல. நீங்க ஆசையா அடிச்சியளேன்னு வாய மூடிக்கிட்டேன். அன்னைக்கே சொல்லியிருந்தா ஒங்களுக்கு எம்புட்டு..."

அங்கே அவள் குரல் உடைந்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு மறுபடி ஆரம்பித்தாள். வாய் ஓயவில்லை. யார் யார் வந்தார்கள், யார் வரவில்லை, யார் பொய்யாக அழுதார்கள், தேங்காய் உடைத்தபோது அழுகி இருந்தது என்று எல்லாம் வந்தது. என் மோட்டார் கதைக்கு அவர் கொட்டிய ம் எல்லாம் அவள் சொல்வதற்கென்றே கொட்டியது மாதிரி போய் உட்கார்ந்தது. அவள் நடு வாக்கியத்தில் இருக்கும்போது போன் அமைதியாகிவிட்டது.

"முடிஞ்சுட்டு அத்தை" என்றேன்.

"அது எப்படி முடியும்? மறுபடி போடு" என்றாள். "பாதிப் பேச்சுல எந்திச்சுப் போற ஆளா அவுக?"

போட்டேன்.

"ம்?" என்றார் ஏட்டய்யா.

"இன்னும் இருக்கு, கேளுங்க" என்றாள் அத்தை.